ஒரு ஏலே

கண்ணுசாமியின் வலது கை ஒடிந்ததைப் பற்றிக் கருங்காலிபட்டியில் யாரும் அதிகம் பேசவில்லை. ஒடிந்த கை வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டால் கூடிவிடும். கரண்ட் சார்ஜைக் குறைக்கச் சொல்லி, மார்கழிக் கடைசியில் நாகலாபுரம் ரோட்டில் வண்டிமாட்டை அவிழ்த்துவிட்டு மறியலுக்கு உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்குமேல் அன்று போலீஸ் அடி விழுந்திருந்தது. ஊர் பேசியதெல்லாம் வேறு. அடித்த போலீஸ்காரன் அவரை 'ஏலே' என்று கூப்பிட்டுவிட்டான்.

அதுவும் யார்? பரமசிவன். ஊரின் கீழ்க்கோடியில் குடியிருந்த ஆட்டுக்கார மாடக்கண்ணுவின் மகன். கண்ணுசாமி வீட்டுப் புஞ்சையில் உரத்துக்கு ஆட்டுக்கிடை போட்டு, கூலியாகக் கம்பு வாங்கிக்கொண்டு போன மாடக்கண்ணு. மகன் பத்தாவது வரை படித்தான், ஆளும் நெடுநெடுவென்று வளர்ந்தான், போலீஸில் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டால் கள்ளனைப் பிடிக்க வேண்டியதுதானே? வயதில் மூத்த சம்சாரியைப் பார்த்து, அத்தனை பேருக்கு முன்னால், வாய் கூசாமல் ஏலே என்பதா?

ஏலே என்பது அந்தப் பக்கத்தில் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை காதில் விழுகிற சொல்தான். சேக்காளியைக் கூப்பிட ஏலே, பெற்ற பிள்ளையைக் கொஞ்சவும் ஏலே. ஆனால் அதற்கு மேடு பள்ளம் தெரியும். மேட்டிலிருந்துதான் பள்ளத்துக்குப் பாயும். எதிர்த்துப் பாய்ந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது. கடைகளிலும் களத்திலும் அதே பேச்சு. சமாதானம் சொல்ல வந்தவர்கள்கூட, "என்ன இருந்தாலும் அவன் ஏலேன்னிருக்கக் கூடாது" என்று சொல்லி, அந்தச் சொல்லை இன்னொரு தடவை கேட்க வைத்துவிட்டுப் போனார்கள். கண்ணுசாமி வெளியே போவதை நிறுத்திவிட்டார். இடது கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அவர் மனைவி முத்துத்தாய்க்குப் புருஷன் கவலையைவிடக் கொழுந்தன் கவலைதான் பெரிதாக இருந்தது. கிருஷ்ணராஜுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தாள். அடுத்த வருஷமே மாமியார் போய்ச் சேர்ந்தாள். அவனுக்குத் தலை சீவிவிட்டதும், கம்மங்கஞ்சி கரைத்துக் கொடுத்ததும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு கிடந்ததும் அவள்தான். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பம் அது. அண்ணியை அவன் வதினா என்பான். அம்மா என்று கூப்பிடத்தான் இல்லை, மற்றபடி எல்லாம் அதுதான். இப்போது கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்வருகிறான். சிரித்துப் பேசுகிற பிள்ளை, தை பிறந்ததிலிருந்து வாயே திறப்பதில்லை.

ஒருநாள் காலையில் குத்துவதற்குக் கம்பு எடுக்கக் குலுக்கைக்குள் கையை விட்டாள். தானியத்துக்கு நடுவில் ஒரு தகர டப்பா தட்டுப்பட்டது. வேட்டித் துணியில் இறுகக் கட்டியிருந்தது. வெளியே எடுத்ததுமே வாடை தெரிந்துவிட்டது. கிருஷ்ணராஜின் சட்டையில் தினமும் துவைத்துத் துவைத்தும் போகாத தீக்குச்சி மருந்து வாடை.

"ஏமிரா இது?"

முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"வதினா, ஆட்டாதீங்க. மெதுவாக் கீழ வைங்க. பைய... பைய."

அந்தப் 'பைய'விலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கீழே வைத்தாள்.

"யாருக்குப்பா இது?"

"யாருக்குமில்ல."

"யாருக்குமில்லாததையா சோத்துத் தானியத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கே? ஏங்கிட்டயே பொய் சொல்லுதியா?"

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "மாசிப் பொங்கலுக்கு அவன் ஊருக்கு வருவாம்லா. வரட்டும்."

"வந்தா?"

"அண்ணன் கையை ஒடிச்சவன் கையோட திரிஞ்சா நான் என்ன தம்பி? செல்லத்துரை அண்ணாச்சி சரியாத்தான் சொல்லுதாரு. இன்னைக்கு ஒருத்தனை விட்டா நாளைக்கு அம்புட்டுப் பயலும் நம்மளை ஏலேம்பான்னு."

செல்லத்துரை தீப்பெட்டி ஆபீஸில் அவனோடு மருந்து கலக்கிற ஆள். டீக்கடையில் இளவட்டங்களைச் சேர்த்துவைத்து ரோஷத்தைப் பற்றிப் பேசுவான். பேசுவதோடு சரி. எதிலும் தன் கை படாமல் பார்த்துக்கொள்கிற மகராசன்.

"அவன் சாவான். ஒன்னையத் தூக்குல போடுவாக. செல்லத்துரை டீ குடிச்சுக்கிட்டு இருப்பான்" என்றாள் முத்துத்தாய்.

"போட்டாப் போடட்டும்."

"ஒங்க அண்ணங்கிட்டச் சொல்லுதேன் இரு."

"சொல்லுங்க. அண்ணனுக்கு மட்டும் ரோசம் இல்லையாக்கும்?"

அதுதான் அவளுடைய பயமும். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற மனுஷன் 'செய்டா' என்று சொல்லிவிட்டால்? போலீஸில் போய்ச் சொல்லலாம் என்றால், அது வளர்த்த பிள்ளையைத் தன் கையாலேயே பிடித்துக் கொடுக்கிற மாதிரி. டப்பா மறுபடி குலுக்கைக்குள் போயிற்று. அன்றிலிருந்து அந்தக் குலுக்கையில் தானியம் எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிச் சோளச்சோறு பொங்கினாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆள்தான் நினைவுக்கு வந்தான். பூவனநாதன், அவளுடைய பிறந்த ஊர்க்காரன். கோவில்பட்டியில் தையல் கடை. நாடகக்காரர்களுக்கு ஜிகினா உடுப்புத் தைத்துக் கொடுத்தே நாடகப் பித்துப் பிடித்தவன். வருஷா வருஷம் மாசிப் பொங்கலுக்குக் கருங்காலிபட்டி இளவட்டங்களை வைத்து நாடகம் போடுவான். ரவிக்கைத் துணி ஒன்றைச் சாக்காக எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

பூவனநாதன் மிதிப்பதை நிறுத்திவிட்டான்.

"அக்கா, எனக்கு ரவிக்கை தைக்கத் தெரியும். வெடிகுண்டை அவுக்கத் தெரியாதே."

"நீ ஒண்ணும் அவுக்க வேண்டாம். அவன் மனசு திரும்பணும். நீ சொன்னாக் கேப்பான்."

"சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்க்கா. செல்லத்துரை நல்லாச் சொல்லுவான், என்னைய விட நல்லா." கொஞ்ச நேரம் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான். "ஒத்திகைக்கு மட்டும் அனுப்பி வைங்க. பாப்போம்."

அந்த வருஷம் ராஜா இல்லை, மந்திரி இல்லை, ஜிகினா இல்லை. நம் ஊர் ரோட்டு மறியல்தான் நாடகம் என்று பூவனநாதன் சொன்னபோது பையன்கள் முகம் சுண்டிப்போயிற்று. ராஜா வேஷத்துக்கு மீசை ஒதுக்கிவைத்திருந்த உச்சிமாகாளி, "இதுக்கு என்ன மயித்துக்கு நாடகம், நாங்கதான் அடிபட்டோமே" என்றான். பூவனநாதன் இரண்டு சட்டம் வைத்தான். யாருக்கு எவன்மேல் கோபமோ, அந்த எதிராளியின் வேஷத்தைத்தான் கோபக்காரன் கட்ட வேண்டும். இன்னொன்று, எதிராளிக்குப் பதில் சொல்லும் முன்னால் அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் 'ஆமா, அதுதான்' என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் தன் பேச்சு.

"இது நாடகமா, வாய்ப்பாடா?" என்று கேலி செய்தார்கள். ஆனாலும் வந்தார்கள். வேறு போக்கிடம் ஏது?

ஞாயிற்றுக்கிழமைகளில் களத்தில் ஒத்திகை. முத்துத்தாய் அந்த நேரம் பார்த்து மல்லியைக் காயப்போட்டுவிட்டு, கிளறிக் கொடுக்கிற சாக்கில் உட்கார்ந்திருப்பாள். போலீஸ் வேஷத்தைக் கிருஷ்ணராஜ் ஆசையாகவே வாங்கிக்கொண்டான். பரமசிவன் எவ்வளவு கேவலமானவன் என்று ஊருக்குக் காட்ட வேண்டும் அவனுக்கு. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தான், மீசையை முறுக்கினான், தடியால் தொடையைத் தட்டிக்கொண்டான். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணுசாமிமேல் யாருக்கும் கோபம் இல்லை, அந்த வேஷம் உச்சிமாகாளிக்கு. முதல்நாள் ஒத்திகையிலேயே அவன் முதுகில் நிஜமாகவே தடி விழுந்து தடித்துவிட்டது.

"ஏலே நாதாரி, இது நாடகம்லே!" என்று அவன் அலற, கிருஷ்ணராஜ் ஓங்கிய தடியை இறக்காமல் நின்றான். கண்ணில் நாடகம் இல்லை. முத்துத்தாய் மல்லியை விட்டுவிட்டு எழுந்தே விட்டாள். வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் நோயைக் கூட்டிக்கொண்டோமோ? அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் இல்லை.

அடுத்த வாரம் கண்ணுசாமியே களத்துக்கு வந்தார். மனைவிதான் நச்சரித்து அனுப்பினாள். கட்டுப் போட்ட கையோடு அவிழ்த்துக் கிடந்த மாட்டுவண்டியின் ஏர்க்காலில் உட்கார்ந்தார். வந்தவரைப் பார்த்ததும் பூவனநாதன் உச்சிமாகாளியை விலகச் சொல்லிவிட்டான்.

"கிருஷ்ணா, அவுகளைப் பாத்துச் சொல்லு. அவன் சொன்னபடி சொல்லு."

"எதை?"

"ஏலேன்னு."

கிருஷ்ணராஜ் தடியைத் தாழ்த்தினான். "அண்ணன் இருக்காவ."

"அதுக்குத்தான் சொல்லச் சொல்லுதேன்."

"அடிக்கணும்னா கூட அடிச்சுக் காட்டிருவேன். அது வராது."

"பரமசிவனுக்கு எப்படி வந்துச்சு? வந்துருக்குல்லா. எப்படி வந்துச்சுன்னு தெரிய வேண்டாமா?"

சொல்லிக்கொண்டே பூவனநாதன் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். குரலை மாற்றினான். "என்னய்யா நிக்கே? ஒன் ஊர்க்காரன்னு பாக்கியா? அடி! ஒம்மேலயும் ரிப்போர்ட் எழுதவா? ஒன் வேலை வேணுமா வேண்டாமா? அடின்னா அடி!" காதுக்குப் பக்கத்தில் விடாமல் கத்தினான். கிருஷ்ணராஜின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. முன்னால் அண்ணன். பின்னால் அந்தக் கத்தல். தடியைத் தூக்கினான், இறக்கினான், தூக்கினான். தொண்டை கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"ஏலே... ஓடுலே! ஓடிரு!"

'ஓடு' என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கிணற்றுக்குள் விழப்போகிறவனைப் பார்த்துக் கத்துகிற குரல் அது.

பூவனநாதன் பழைய குரலுக்கு வந்து கேட்டான். "அண்ணாச்சி, அன்னைக்கு அவன் என்ன சொன்னான்?"

"ஏலேன்னான். அதுக்குமேல காதுல ஒண்ணும் விழல" என்றார் கண்ணுசாமி.

"ஓடுன்னு சொல்லியிருப்பானோ?"

அவர் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டார். "சொல்லியிருக்கலாம். சின்னதுல நம்ம புஞ்சையில வெளையாடுன பயதானே."

அவ்வளவுதான். ஊருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நம்மை வையவில்லை, காப்பாற்றப் பார்த்திருக்கிறான்! கடையிலும் களத்திலும் பேச்சு ஒரே வாரத்தில் திசை மாறிவிட்டது. கண்ணுசாமி கடைத்தெருவுக்குப் போனார். கிருஷ்ணராஜ் ஒருநாள் அதிகாலையில் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தான். பின்னாலேயே போன முத்துத்தாய் பார்க்க, ஊருக்கு வெளியே பாழாய்க் கிடந்த உப்புக் கிணற்றில் கயிறு கட்டி இறக்கிக் கயிற்றையும் விட்டுவிட்டான். திரும்பும்போது, "வதினா, பசிக்கு" என்றான். அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சுடச்சுடக் கம்மஞ்சோறும் காணத்துவையலும் பண்ணிப் போட்டு, அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பூவனநாதன் மட்டும் சந்தோஷப்படவில்லை. "அக்கா, அது நாம நெனச்சுக்கிட்டது. 'ஆமா, அதுதான்'னு அவன் வாயால சொல்லலையே" என்றான்.

"நல்லதை நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். நீ சும்மா இரு" என்று அடக்கிவிட்டாள்.

மாசிப் பொங்கலன்று நாடகம் நடந்தது. கிருஷ்ணராஜ் 'ஓடுலே' என்று கதறிய இடத்தில் பொம்பளைகள் மூக்கைச் சிந்தினார்கள். போலீஸ்காரன் மனதுக்குள் புழுங்குவதாக ஒரு பாட்டு வேறு. கூட்டத்தின் கடைசியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பரமசிவன் நிற்பதை முத்துத்தாய் பார்த்தாள். பக்கத்தில் அவன் அம்மா பாலம்மாள். நாடகம் முடிகிற வரை அவன் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் புஞ்சையில் சோளத்தட்டை அறுப்பு. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்று கிருஷ்ணராஜ் முன்னால் அறுத்துக்கொண்டு போக, முத்துத்தாய் அரிந்து போட்டதை அள்ளிச் சேர்த்தாள். கண்ணுசாமி இடது கையால் முடிந்த மட்டும் கட்டினார். பொழி வரப்புமேல் ஓர் ஆள் வருவது தெரிந்தது. கைலியும் சட்டையுமாகப் பரமசிவன்.

கிருஷ்ணராஜ் அரிவாளோடு நிமிர்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க, வாங்க. வதினா, மோர் இருந்தா ஊத்துங்க. நாடகம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி?"

"பொய்யி" என்றான் பரமசிவன்.

கிருஷ்ணராஜுக்கு விளங்கவில்லை.

"என்னைய நல்லவனாக்கி வச்சிருக்கீங்க. எங்க அம்மைக்கு ஒரே அழுகை, ஏம்மவன் ஓடச் சொல்லியிருக்கானேன்னு. எனக்கு ராத்திரி பூராத் தூக்கமில்ல. நான் ஓடுன்னு சொல்லல."

"பெறகு?"

"ஏலேன்னுதான் சொன்னேன். மரியாதை இல்லாமத்தான் சொன்னேன். ஒங்க அண்ணனைத் தெரிஞ்சு, மொகத்தைப் பாத்து, வேணும்னே சொன்னேன். அடிச்சது உத்தரவு. அதுக்கு எனக்கு மேல உள்ளவன்லாம் பதில் சொல்லணும். ஏலேன்னது நான். அதுக்கு நான் ஒருத்தன்தான்."

கண்ணுசாமி கட்டிக்கொண்டிருந்த கட்டு பிரிந்து விழுந்தது. முத்துத்தாயின் கண் கிருஷ்ணராஜின் வலது கையிலேயே நின்றுவிட்டது. அரிவாளின் பிடியை விரல்கள் ஒவ்வொன்றாக இறுக்கின. டப்பா போனால் போகட்டும், இது அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. ஒரே வீச்சு தூரம். ஓடிப்போய் நடுவில் நிற்க வேண்டும் என்று நினைத்தாள். கால் வரவில்லை.

"ஏன்?" என்றான் கிருஷ்ணராஜ். பல்லுக்குள்ளிருந்து வந்தது.

"எங்கப்பன் சாகையில தலை பூரா நரைச்சிருந்துச்சு. ஒங்க அப்பாரு அவனைக் கடைசி வரைக்கும் ஏலேன்னுதான் கூப்பிட்டாரு. அதை விடு, பெரிய மனுசன். நீ வருவே. டவுசர் நிக்காது, ஒரு கையில பிடிச்சுக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல நின்னு, 'ஏலே மாடக்கண்ணு, அப்பா கூப்பிடுதாரு'ம்பே. எங்கப்பன் தின்னுக்கிட்டிருந்த கையை உதறிட்டு, 'இந்தா வாரேன் மொதலாளி'ன்னு ஓடியாருவான். ஒனக்கு அஞ்சு வயசிருக்கும். நான் உள்ள ஒக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன்."

காற்றில் சோளத்தட்டை சலசலத்தது. கிருஷ்ணராஜின் மூச்சு முத்துத்தாய் காது வரை கேட்டது. "அதுக்காக நீ..." என்று ஆரம்பித்தான். நிறுத்திக்கொண்டான். மறுபடி வாயைத் திறந்தபோது ஒத்திகையில் எதிராளி பேச்சைத் திருப்பிச் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினான்.

"நீங்க சொல்லுதது... சின்னப் பிள்ளையில நான் ஒங்க அப்பாவைப் பேரு சொல்லிக் கூப்பிட்டேன்னு சொல்லுதீங்க."

"இல்ல."

"மரியாதைக் குறைவாக் கூப்பிட்டேன்னு..."

"இல்ல. கூப்பிட்டபடியே சொல்லு."

கிருஷ்ணராஜ் அண்ணனைப் பார்த்தான். கண்ணுசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வதினாவைப் பார்த்தான். சொல்லு என்று தலையசைக்கக்கூட அவளுக்குத் தெரியவில்லை.

"ஏலே மாடக்கண்ணுன்னு கூப்பிட்டேன்" என்றான்.

மீசை வைத்த ஆம்பிளையின் குரலில் அது கேட்கச் சகிக்கவில்லை. பரமசிவனின் தாடை இறுகி அசைந்தது.

"ஆமா. அதுதான்."

அரிவாள் கிருஷ்ணராஜின் கையிலிருந்து தானாக நழுவி வெடிப்புக்குள் விழுந்தது. இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

முத்துத்தாய்க்கு இப்போதுதான் கால் வந்தது. அள்ளிய தட்டையைப் போட்டுவிட்டு அவர்களுக்கு நடுவில் போய் நின்றாள். வாழ வந்த புதிதில், மாமனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அந்த வீட்டு வழக்கம் அதுதான் போல என்று அவளும் பழகியிருந்தாள். பிள்ளையின் டவுசரை இழுத்து விட்டு, தெருவில் இறக்கிவிட்டு, எப்படிக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்க்க வைத்தது இப்போது நடந்தது போல இருந்தது.

"பரமசிவம்" என்றாள். "அவனுக்கு என்னப்பா தெரியும். அப்படிக் கூப்பிடச் சொல்லி அனுப்புனது நான்தான்."